கடை திறக்க எந்த எண்ணைப் பார்ப்பது? 2021இல் மூன்று மாநிலங்களின் மூன்று அளவுகோல்கள்

2021 ஜூன் மாதத்தில் கரோனா இரண்டாம் அலை இறங்கத் தொடங்கியபோது மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் முன்னும் ஒரே கேள்வி நின்றது: எந்த ஊரில் எந்தக் கடையை எப்போது திறக்க விடுவது? மகாராஷ்டிரம் தொற்று உறுதி விகிதத்தையும் (பரிசோதித்த நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற கணக்கையும்) ஆக்சிஜன் படுக்கைகள் நிரம்பியிருக்கும் அளவையும் சேர்த்துப் பார்த்தது. கேரளம் முதலில் தொற்று உறுதி விகிதத்தை மட்டும் நம்பியது. இரண்டே மாதங்களில் அதைக் கைவிட்டு, ஆயிரம் பேருக்கு வாரத்தில் எத்தனை தொற்று என்ற கணக்குக்கு மாறியது. தமிழ்நாடு வரம்பு எண் எதையும் அறிவிக்காமல் 38 மாவட்டங்களையும் மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு தளர்வுகளை அளித்தது. இன்னொரு பெருந்தொற்று வரும்போது ஒரு மாவட்ட நிர்வாகமோ நகராட்சியோ வணிகர் சங்கமோ எந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பதை இந்த அனுபவங்களைக் கொண்டு எடைபோட முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகைக்கு இத்தனை என்ற வாராந்தரக் கணக்கே முதன்மையாக இருக்க வேண்டும். தொற்று உறுதி விகிதம் அந்தக் கணக்கை நம்பலாமா என்று சரிபார்க்கவும், மருத்துவமனைச் சேர்க்கை எண்ணிக்கை திறப்பை நிறுத்தி வைக்கவும் பயன்பட வேண்டும். ஆனால் எந்த எண் என்பதைவிட, எந்த எல்லைக்குள் அதை எண்ணுகிறோம் என்பதும் எத்தனை நாள் பொறுத்திருந்து படிக்கிறோம் என்பதும் பெரிய கேள்விகள். மூன்று மாநிலங்களும் அதிகம் தடுமாறியது அங்கேதான்.

மாலை அறிக்கையின் எண்

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்த எவருக்கும் மாலை வேளையில் வெளியாகும் சுகாதாரத் துறைச் செய்திக்குறிப்பு நினைவிருக்கும். புதிதாகத் தொற்று உறுதியானோர், குணமடைந்து வீடு திரும்பியோர், உயிரிழந்தோர் என்று மாவட்டவாரியாக அட்டவணை வரும்; தொலைக்காட்சிகள் அதை உடனே திரையின் அடியில் ஓட விடும்; இரவுச் சாப்பாட்டுக்குள் அது வாட்ஸ்அப் குழுக்களில் ஊர் ஊராகப் பிரிந்து போயிருக்கும். எளிதில் கிடைத்ததும் எல்லோருக்கும் புரிந்ததும் இந்த எண்தான். மாநிலத்தின் உச்சமான 2021 மே 21ஆம் தேதியின் 36,184 என்ற எண்ணிக்கையும் இந்த அறிக்கையில்தான் வந்தது.

ஆனால் கடை திறக்கும் முடிவுக்கு இந்த எண் நேரடியாக உதவாது. மே மாதக் கடைசி வாரத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் தினசரி எண்ணிக்கை சென்னையை முந்தியபோது அது பெரிய செய்தியானது. உண்மையில் அது தாமதமாக வந்த செய்தி. 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 34.6 லட்சம், விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இரண்டு ஊர்களின் எண்ணிக்கையும் சமமாக நின்ற நாளில் கோவையில் தனி ஒருவருக்குத் தொற்று உறுதியாகும் வாய்ப்பு சென்னையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருந்திருக்கும். அதாவது, மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்திருந்தால் கோவை முந்தியது தலைப்புச் செய்தி வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

இதனுடன் வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக்கு வருவோர் குறைவு என்பதால் அதற்கடுத்த நாள்களில் எண்ணிக்கை சரியும்; ஏழு நாள் சராசரி எடுக்காதவர்கள் அந்தச் சரிவைப் பார்த்து நோய் இறங்கிவிட்டதாக நம்புவார்கள். அத்துடன், அறிக்கையில் இருப்பது முடிவு வெளியான தேதியே தவிர மாதிரி எடுத்த தேதி அல்ல. ஆய்வகத்தில் மாதிரிகள் தேங்கினால் அந்த வாரம் தொற்று குறைந்ததுபோலவும் அடுத்த வாரம் கூடியதுபோலவும் தோன்றும். இறப்பு எண்ணிக்கையை இந்த முடிவுக்கு எடுத்துக்கொள்ளவே முடியாது. அது இரண்டு மூன்று வாரங்கள் பின்தங்கி வருவது. 2020 ஜூலை 22 அன்று, அவ்வாண்டு மார்ச் முதல் ஜூன் 10 வரை சென்னையில் நிகழ்ந்து கணக்கில் சேராமல் போயிருந்த 444 இறப்புகளைத் தமிழ்நாடு அரசு ஒரே நாளில் சேர்த்தது. அதற்குள் ஊரில் எத்தனையோ கடைகள் திறந்தாகிவிட்டன.

நூற்றுக்கு எத்தனை பேர்

பரிசோதித்த நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதே தொற்று உறுதி விகிதம். இந்த விகிதம் இரண்டு வாரங்களுக்கு 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் திறப்பைப் பற்றி யோசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் கூறியது. 2021 ஏப்ரலில் இந்திய உள்துறை அமைச்சகம் இதே கணக்கைப் பூட்டுவதற்குப் பயன்படுத்தி, ஒரு வாரத்துக்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் மாவட்டங்களிலும், ஆக்சிஜன் அல்லது தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கும் மாவட்டங்களிலும் கட்டுப்பாடுகளை இறுக்கச் சொன்னது. பரிசோதனை கூடினாலும் குறைந்தாலும் விகிதம் நிலையாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் இதன் அடிப்படை.

அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது என்பதைக் கேரளம் காட்டியது. 2021 ஜூன் 17 முதல் அங்கே ஊராட்சிகளும் நகராட்சிகளும் ஏ, பி, சி, டி என நான்கு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. முதலில் வரம்புகள் 8, 20, 30 சதவீதமாக இருந்தன. பிறகு ஜூலைக்குள் 5, 10, 15 சதவீதமாக இறுக்கப்பட்டன. டி வகையில் விழுந்த ஊரில் அத்தியாவசியக் கடைகள் மட்டுமே திறக்கும். மலையாளிகளின் அன்றாடப் பேச்சில் 'டிபிஆர்' என்றே புழங்கிய இந்த விகிதம், அந்த வாரம் ஒரு துணிக்கடைக்காரருக்கு வருமானம் உண்டா இல்லையா என்பதையே தீர்மானித்தது.

இதில் உள்ள சிக்கலை ஒரு கற்பனைக் கணக்கால் பார்ப்போம். 30,000 பேர் வாழும் ஓர் ஊராட்சியில் ஒரு வாரத்தில் 1,000 பேரைப் பரிசோதித்து 150 பேருக்குத் தொற்று உறுதியாகிறது என்றால் விகிதம் 15 சதவீதம். அடுத்த வாரம் அதே ஊராட்சி, நோய் அறிகுறி இல்லாத கடை ஊழியர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், அலுவலகத்தில் இருப்போர் என இன்னும் ஆயிரம் பேரைப் பரிசோதனைக்கு அழைத்து வருகிறது. அவர்களில் 20 பேருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், 2,000 பேரில் 170 பேர், விகிதம் 8.5 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஊரில் நோய் சற்றும் குறையவில்லை. கண்டறியப்பட்டோர் எண்ணிக்கை கூடியே இருக்கிறது. ஆனால் பூட்டு ஒரு படி தளர்ந்துவிடும். மறுபுறம், மூச்சுத் திணறலும் கடும் காய்ச்சலும் உள்ளவர்களை மட்டுமே தேடிப் பரிசோதிக்கும் நேர்மையான ஊராட்சியின் விகிதம் 25 சதவீதத்துக்குப் போய், அது தண்டனைக்கு உள்ளாகும். ஜூலை 15, 16 ஆகிய இரு நாள்களில் மட்டும் 3.75 லட்சம் பரிசோதனைகள் செய்யக் கேரள அரசு இலக்கு வைத்தது. நோயாளிகளைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையைப் பெருக்குவது நல்ல செயல்தான். ஆனால் அதே பரிசோதனை கடை திறக்கும் உரிமையையும் தீர்மானிக்கும்போது, எது நோயைத் தேடுவதற்கு, எது விகிதத்தை இறக்குவதற்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பரிசோதனை முறையும் விகிதத்தை வளைத்தது. விரைவு ஆன்டிஜென் சோதனை சில நிமிடங்களில் முடிவு சொல்லும். ஆனால் தொற்று உள்ள பலரை இல்லை என்று சொல்லி அனுப்பிவிடும். அதை அதிகம் பயன்படுத்திய ஊர்களின் விகிதத்தையும், தமிழ்நாட்டைப்போலப் பெரும்பாலும் ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் சோதனையையே நம்பிய இடங்களின் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள் வெவ்வேறு தராசுகளில் நிறுத்த எடைகளை ஒப்பிட்டார்கள். மகாராஷ்டிரம் இதைச் சீக்கிரமே உணர்ந்தது: ஜூன் 25 அன்று, இனி வாராந்தர விகிதத்தை ஆர்டி-பிசிஆர் முடிவுகளைக் கொண்டு மட்டுமே கணக்கிட வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த அளவுகோலைக் கையில் எடுக்கும் எந்த நிர்வாகமும் முதல் நாளே செய்ய வேண்டிய திருத்தம் அது.

ஆயிரத்துக்கு எத்தனை பேர்

ஜூலை 12 அன்று கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் வணிகர்கள் கடைகளைத் திறக்க அனுமதி கேட்டுப் போராடினார்கள். பக்ரீத்துக்காக ஜூலை 18 முதல் மூன்று நாள்களுக்கு அரசு அளித்த தளர்வை, குறிப்பாக விகிதம் அதிகமாக இருந்த டி வகைப் பகுதிகளுக்கும் ஒரு நாள் தளர்வு தந்ததை, உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. ஒரு பக்கம் வணிகர், மறுபக்கம் நீதிமன்றம் என்று இடிபட்ட நிலையில், ஆகஸ்ட் தொடக்கத்தில் கேரளம் அளவுகோலையே மாற்றிக்கொண்டது. ஆயிரம் பேருக்கு வாரத்தில் 10க்கு மேல் தொற்று உறுதியாகும் பகுதிகளில் மட்டும் கடுமையான பூட்டு. மற்ற இடங்களில் வாரத்தில் ஆறு நாள் கடைகள் திறக்கலாம். இந்த வரம்பு பிறகு 8 ஆகவும் 7 ஆகவும் குறைக்கப்பட்டது.

மேற்சொன்ன கற்பனை ஊராட்சியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முதல் வாரம் ஆயிரத்துக்கு 5 பேர். கூடுதலாக ஆயிரம் பேரைப் பரிசோதித்த இரண்டாம் வாரம் ஆயிரத்துக்கு 5.7 பேர். தொற்று உறுதி விகிதம் ஏறக்குறைய பாதியாகச் சரிந்த அதே வாரத்தில் இந்த எண் ஏறுகிறது. ஆள்களைத் திரட்டிப் பரிசோதனை செய்து இதை இறக்க முடியாது. ஆனால் பரிசோதனையே செய்யாமல் இறக்கலாம்! உறுதி விகிதம் தேவையற்ற பரிசோதனைக்குப் பரிசு கொடுக்கிறது என்றால் இந்த எண் பரிசோதனைக் கூடத்தை மூடி வைப்பதற்குப் பரிசு கொடுக்கிறது. இரண்டும் எதிர்த் திசைகளில் வளைவதால்தான் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மக்கள்தொகைக் கணக்கு இறங்கும்போது உறுதி விகிதமும் கூடவே இறங்கினால் நோய் உண்மையிலேயே இறங்குகிறது; மக்கள்தொகைக் கணக்கு இறங்கி உறுதி விகிதம் ஏறினால் அந்த ஊர் பரிசோதனையைக் குறைத்துவிட்டது என்று பொருள். இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய நிபுணர் யாரும் தேவையில்லை. ஒரு சுகாதார ஆய்வாளர் ஒரு தாளில் போட்டுவிடலாம்.

வரம்பை எங்கே வைப்பது என்பதில் கேரளத்தின் முடிவு என்னை யோசிக்க வைக்கிறது. ஆயிரத்துக்கு 10 என்பது லட்சத்துக்கு 1,000. ஜெர்மனி 2020 மே மாதத்தில் மாவட்ட அளவில் கட்டுப்பாடுகளை மீண்டும் கொண்டுவர வைத்த வரம்பு, ஒரு வாரத்தில் லட்சத்துக்கு 50. இருபது மடங்கு வித்தியாசம். காலம் வேறு, ஜெர்மனி தடுப்பூசிக்கு முன், கேரளம் தடுப்பூசி தொடங்கிய பின் என்பதை ஒப்புக்கொண்டாலும் இந்த இடைவெளி சாதாரணமானது அல்ல. கேரளத்துக்கு வேறு வழியும் குறைவாகவே இருந்தது. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ரத்த மாதிரி ஆய்வில் தமிழ்நாட்டில் 69.2 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டது, கேரளத்தில் 44.4 சதவீதத்தினரிடம் மட்டுமே. அதுவரை நோயை நன்றாகத் தடுத்து வைத்திருந்ததன் விளைவாக இன்னும் தொற்று ஏற்படாதோர் அங்கே அதிகம்; தொற்று மெல்லத்தான் இறங்கும்; மற்ற மாநிலங்களின் வரம்பை வைத்துக் காத்திருந்தால் மாதக்கணக்கில் கடை திறக்க முடியாது. ஒரே எண் இரண்டு மாநிலங்களில் ஒரே பொருளைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வகுக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். திருப்பூரில் பனியன் நிறுவனங்களை நம்பி வந்து தங்கியிருக்கும் வெளி மாவட்ட, வெளி மாநிலத் தொழிலாளர்கள் 2011 கணக்கெடுப்பில் முழுமையாக இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. அவர்களின் தொற்று மேலே சேர்ந்து, அவர்களின் தலை கீழே சேராவிட்டால் ஊர் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். கேரளம் இந்தக் கணக்கை வார்டு அளவுக்கு இறக்கியபோது வேறொரு தொல்லை வந்தது. 1,500 பேர் வாழும் வார்டில் 15 பேருக்குத் தொற்று வந்தால் ஆயிரத்துக்கு 10 என்ற வரம்பைத் தொட்டுவிடும். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மூன்று குடும்பங்கள் போதும். அதற்காக அந்த வார்டின் டீக்கடையைப் பூட்டுவதால் என்ன பயன் என்று அந்தக் கடைக்காரர் கேட்டால் நியாயமான பதில் கிடையாது.

படுக்கைகள்

மகாராஷ்டிரத்தின் ஐந்து நிலைத் திட்டம் ஜூன் முதல் வாரத்தில் நடைமுறைக்கு வந்தது. உறுதி விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழும் ஆக்சிஜன் படுக்கைகளில் நிரம்பியவை 25 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் முதல் நிலை, ஏறக்குறைய முழுத் திறப்பு. விகிதம் 20க்கு மேலோ படுக்கைகள் 75 சதவீதத்துக்கு மேலோ போனால் ஐந்தாம் நிலை. வியாழக்கிழமை எண்கள் அறிவிக்கப்படும். திங்கட்கிழமை நிலை மாறும். இந்த நான்கு நாள் இடைவெளி ஒரு கடைக்காரருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சரக்கு எடுத்து விற்றவர்கள் அறிவார்கள்.

படுக்கைக் கணக்கின் பலம், அதை யாராலும் எளிதில் வளைக்க முடியாது என்பது. ஆக்சிஜன் அளவு இறங்கியவர் எப்படியும் மருத்துவமனைக்கு வந்துதான் ஆக வேண்டும். பலவீனம் தாமதம். தொற்றிய நாளிலிருந்து ஆக்சிஜன் தேவைப்படும் நாள் வரை ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், படுக்கைகள் நிரம்பத் தொடங்கும்போது ஊரில் நோய் வெகுதூரம் போயிருக்கும். மேலும், நிரம்பிய விகிதம் என்பது படுக்கைகளின் மொத்த எண்ணிக்கையைப் பொறுத்தது. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் கோவை கொடிசியா வளாகத்திலும் செய்ததுபோலச் சில நாள்களில் நூற்றுக்கணக்கான படுக்கைகளைச் சேர்த்தால், ஒரு நோயாளிகூடக் குறையாமலேயே விகிதம் இறங்கிவிடும். ஆகவே நிரம்பிய விகிதத்தைவிட அன்றன்று புதிதாகச் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கையே பார்க்கத் தக்கது. அதையும் மாவட்ட எல்லைக்குள் அடைக்க முடியாது. நீலகிரி, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் நோயாளிகளும் கோவைக்கு வருவதால், கோவையின் சேர்க்கை எண்ணிக்கை அந்த வட்டாரம் முழுவதற்குமான செய்தி. ஜெர்மனியும் 2021 செப்டம்பரில் மருத்துவமனைச் சேர்க்கையை முதன்மை அளவுகோலாக்கியது; தகவல்கள் தாமதமாக வந்து சேர்ந்ததால் அன்றன்று வெளியான எண் எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே இருந்தது என்ற குறை அங்கேயும் எழுந்தது.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகவே கடக்கிறேன். ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுகிறது என்ற ஆர் எண்ணைச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் சிதாப்ர சின்ஹா தொடர்ந்து கணித்து வந்தார். மாநில அளவில் போக்கை அறிய அது உதவியது. ஊர் அளவில் அது துள்ளும். 2020 ஜூனில் ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ மாவட்டத்தில் ஓர் இறைச்சி ஆலையில் 1,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று வந்தபோது, நாடு முழுவதற்குமான ஆர் எண்ணே 2.88க்கு எகிறியது; மற்ற மாவட்டங்களில் அப்படியொன்றும் நடக்கவில்லை. கழிவுநீரில் வைரஸைத் தேடும் முறை நெதர்லாந்தில் 2020 மார்ச்சிலேயே பலன் தந்தது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர ஆய்வில் அது பரிசோதனை முடிவுகள் வெளியாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே போக்கைக் காட்டியது. ஆனால் மாதிரி எடுத்த தேதியோடு ஒப்பிட்டால் அது முந்துவது அதிகபட்சம் இரண்டு நாள்தான். அதாவது, ஆய்வகங்கள் விரைவாக முடிவு தந்தாலே அந்த லாபத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பாதாளச் சாக்கடை இல்லாத நம் சிறு நகரங்களில் அதைச் செய்வதும் கடினம்.

வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிப்பது மட்டும் இன்னும் சற்று மதிப்புக்குரியது. சென்னை மாநகராட்சி ஆயிரக்கணக்கான களப் பணியாளர்களை வெப்பமானியோடும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியோடும் தெருத்தெருவாக அனுப்பியது. ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல், தொற்று தொடங்கும் தெருவை அன்றே காட்டக்கூடிய வழி அது. ஆனால் 2020இல் தொற்று உறுதியான வீட்டு வாசலில் தகரம் அடித்த காட்சியைப் பார்த்த மக்கள், கதவைப் பாதி திறந்து, "இங்க யாருக்கும் காய்ச்சல் எல்லாம் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். தகவல் தருபவருக்கு இழப்பு வரும் என்றால் தகவல் வராது. கேரளத்து ஊராட்சிகளின் பரிசோதனைக் கணக்கில் நடந்ததும் அடிப்படையில் இதுவே.

எந்த எல்லைக்குள் எண்ணுவது

தொற்று எண்ணிக்கை எல்லா மாநிலங்களிலும் நோயாளியின் வீட்டு முகவரியைக் கொண்டு பதிவானது. கடையைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவோ அவர் போய்வரும் இடத்தைப் பற்றியது. இந்த முரணை முதலில் உணர்த்தியது கோயம்பேடு. 2020 மே 5 அன்று அந்தச் சந்தை மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்படுவதற்குள், அங்கே சுமை தூக்கியவர்களும் சரக்கு எடுத்தவர்களும் ஊர் திரும்பியிருந்தார்கள். அந்த வாரங்களில் அரியலூர், கடலூர் மாவட்டங்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. மாலை அறிக்கையை மட்டும் படித்தால் மூட வேண்டியது அரியலூர்க் கடைவீதி என்று தோன்றும். தொற்று கிளம்பிய இடமோ 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிச் சென்னையில் இருந்தது. அதைச் சொன்னது எந்த விகிதமும் அல்ல. நோயாளிகளிடம் கடந்த வாரம் எங்கே போனீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்ட சுகாதாரப் பணியாளர்களின் குறிப்புகள்.

அடுத்த ஆண்டு சென்னை மாநகராட்சி இதைப் பயன்படுத்திக்கொண்டது. 2021 ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 9 வரை, தி.நகர் ரங்கநாதன் தெரு, புரசைவாக்கம் நெடுஞ்சாலை, கொத்தவால்சாவடி சந்தை உட்பட மக்கள் நெருக்கியடித்துக் கூடும் 9 இடங்களில் மட்டும் கடைகளை மூடச் சொன்னது. மாநகரின் மற்ற பகுதிகள் வழக்கம்போல இயங்கின. அந்தத் தெருக்களில் குடியிருப்போர் சொற்பம் என்பதால், வீட்டு முகவரியை வைத்துப் பார்த்தால் ரங்கநாதன் தெருவில் தொற்றே இல்லை என்றுகூடக் கணக்கு வரலாம். அங்கே கடை வைத்திருப்பவர்கள் பலரும் இந்த முடிவை அநியாயம் என்றே கருதினார்கள். ஆடி விற்பனைக் காலத்தில் பத்து நாள் மூடுவது சிறு இழப்பு அல்ல. ஆயினும் மாவட்டம் முழுவதையும் பூட்டுவதைவிட இது நேர்த்தியான முடிவு என்பது என் கருத்து.

மகாராஷ்டிரம் 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட மாநகராட்சிகளைத் தனி அலகுகளாக்கியது. எண்கள் அனுமதித்த பின்னும் மும்பை மாநகராட்சி மூன்றாம் நிலையிலேயே நின்றது. புறநகர் ரயிலில் அண்டை நகரங்களிலிருந்து வந்து போகும் கூட்டத்தை மும்பையின் எண்கள் கணக்கில் எடுக்கவில்லை என்பதை அதன் அதிகாரிகள் அறிந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டின் மூன்று வகைப் பிரிப்பு இந்த இடத்தில் சரியாகவே இருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, சேலம், கரூர், நாமக்கல் ஆகியவற்றையும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகியவற்றையும் 11 மாவட்டங்களாக ஒரே வகையில் வைத்தபோது, மக்கள் அன்றாடம் போய்வரும் வட்டாரம் ஓரளவு மதிக்கப்பட்டது. சென்னையும் அதைச் சுற்றிய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூரும் ஜூன் 21 முதல் மூன்றாம் வகையாக ஒன்றாகத் தளர்வு பெற்றதும் அப்படித்தான். குறை வேறு இடத்தில் இருந்தது. எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் ஒரு மாவட்டம் அடுத்த வகைக்கு ஏறும் என்று சொல்லப்படவில்லை. ஜூலை 5 அன்று எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே தளர்வு நடைமுறைக்கு வரும் வரை பேருந்து ஓடாத திருப்பூரில், தொழிலாளரை எப்போது திரும்ப அழைப்பது என்று ஒரு சிறு பனியன் முதலாளி கணக்குப் போட வழியில்லை. வரம்பை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, மும்பையைப்போல அதைவிடக் கடுமையாக நிற்க நினைக்கும் நிர்வாகம் காரணத்தைச் சொல்லி நிற்பதே இரண்டு வழிகளிலும் உள்ள நல்லதைச் சேர்த்துக்கொள்வதாகும்.

எத்தனை நாள் பொறுப்பது

தமிழ்நாட்டில் 2021 ஜூனில் ஊரடங்கு வாரம் வாரமாக நீட்டிக்கப்பட்டது. ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் சலூன்களும் டாஸ்மாக் கடைகளும் திறந்தன. அடுத்த கட்டத் தளர்வு ஜூன் 20 அன்றே அறிவிக்கப்பட்டது. ஆறு நாள் இடைவெளி. சலூனில் ஒருவருக்குத் தொற்றினால் அறிகுறி தெரிய நான்கைந்து நாள்கள். சாதாரண சளி என்று பார்த்திருந்துவிட்டுப் பரிசோதனைக்குப் போக மேலும் இரண்டு மூன்று நாள்கள். முடிவு வர ஒன்றிரண்டு நாள்கள். அவரிடமிருந்து வீட்டாருக்குத் தொற்றி அதுவும் கணக்கில் சேர இன்னொரு வாரம். எனவே ஜூன் 14 திறப்பின் விளைவு எந்த அளவுகோலிலும் ஜூன் கடைசிக்கு முன் தெளிவாகத் தெரிந்திருக்க முடியாது. ஜூன் 20 அன்று மேசையில் இருந்த எண்கள், கடைகள் பூட்டிக் கிடந்த நாள்களின் எண்கள். அந்த ஆண்டு தொற்று இறங்குமுகத்திலேயே இருந்ததால் இதன் விலை தெரியாமல் போயிற்று. ஒரு தளர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 14 நாள் விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே வகைக் கடைகளை மட்டும் திறந்தால்தான், எண் ஏறும்போது எதைத் திரும்ப மூடுவது என்பதாவது தெரியும். ஜூலை 19 முதல் 31 வரை என்று வாரக் கணக்கை விட்டுப் பன்னிரண்டு நாள்களுக்கு நீட்டித்தபோது தமிழ்நாடு இந்தக் கணக்குக்கு அருகில் வந்தது.